கறுப்புக் குளிசை விற்கும் வியாபாரிகள் கவனத்துக்கு

"வாய்வுக்குக் கரிக் குளிசை நல்லதாமே, இருக்கா நானா?" செட்டிகுளத்துக் கடையொன்றில் வாடிக்கையாளர் இப்படிக் கேட்டால் முதலாளி என்ன சொல்வது?

கரி இலாபமான பண்டம்தான். நமது நாட்டுச் சிரட்டைக் கரிக்கு வெளிநாட்டில் நல்ல பெயர். ஹேலீஸ் குழுமத்தின் ஹேகார்ப் நிறுவனம் 1973 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. ஆனால் அந்தக் கரி பெரும்பாலும் போவது தண்ணீரையும் காற்றையும் சுத்திகரிக்கவும் தங்கம் பிரிக்கவுமே. வயிற்றுக்குப் போவது கொஞ்சம்.

அடுப்புக் கரியை இடித்துப் பக்கெட் போடலாம் என்று யாராவது நினைத்தால், உடனே கைவிடுங்கள். மருந்துக் கரி வேறு. சிரட்டையைக் காற்று அதிகம் படாமல் கரியாக்கி, சுமார் 900 பாகை செல்சியஸ் சூட்டில் நீராவி செலுத்துகிறார்கள். அப்போது கரியெங்கும் நுண்துளைகள் விழுகின்றன. ஒரு கிராமின் உட்பரப்பே ஏறக்குறைய 1000 சதுர மீற்றர் வரும். வேண்டாதவை ஒட்டுவது அதில்தான்.

வாய்வு குறையுமா? சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு 1 கிராம், சாப்பிட்டதும் 1 கிராம் எடுத்தால் மிதமிஞ்சிய வாய்வு குறைய உதவும் என்று 2011 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றது. அவ்வளவுதான். (நோன்பு திறந்ததும் கஞ்சிக்கு மேல் ஆறு சமோசா சாப்பிட்டவருக்குக் கரியைவிட அளவுதான் மருந்து.) "உடம்பு நச்சையெல்லாம் இழுத்துவிடும்" என்று விற்காதீர்கள். அலரி விதை, பூச்சிமருந்து போன்ற நஞ்சு உட்கொண்ட 4600 பேருக்கு மேல் அநுராதபுரம் உட்பட நமது நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஆய்வு செய்து, முடிவை 2008 இல் லான்செட் வெளியிட்டது. கரி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் மரணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

பயம் வேறிடத்தில். கரிக்கு நஞ்சும் மருந்தும் ஒன்றே. இதய நோய்க்கும் வலிப்புக்கும் எடுக்கும் சில குளிசைகளையும் கருத்தடை மாத்திரையையும் அது குடலிலேயே பிடித்துக்கொள்ளும். காலைக் குளிசையோடு கரியையும் விழுங்கும் முதியவர், மருந்து எடுத்தும் எடுக்காதவராகிறார். "வேறு மருந்து பாவிக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் டொக்டரிடம் அனுப்புங்கள். அன்றைய வியாபாரம் போகட்டும்.

வாங்கி விற்பவர் இரண்டைப் பார்க்க வேண்டும். கெப்சியூல் உறை ஜெலட்டின் என்றால் எந்த மிருகத்தினது, ஹலால் சான்று உண்டா? அடுத்து, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி மருந்துகளைப் பதிவுசெய்வது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. பதிவு இலக்கத்தைக் காட்டாத விநியோகஸ்தரிடம் சரக்கு இறக்காதீர்கள்.