தெருநாய்க்குட்டியைப் பொறுப்பேற்றல்

மாணவர்களே, கைவிடப்பட்ட நாய்க்குட்டியை எடுத்து வளர்ப்பது நற்பண்பாகும். எனினும் உணவிடுதல் மட்டும் போதாது.

காரணம் யாது?
விசர்நாய்க்கடி நோய் (நீர்வெறுப்பு நோய்) நரம்புத் தொகுதியைத் தாக்கும் வைரசினால் ஏற்படுகின்றது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரிலுள்ள வைரசு, கடி அல்லது கீறல் வழியே உடலினுட் செல்கின்றது. நாயில் அறிகுறி தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே உமிழ்நீரில் வைரசு இருக்கலாம். மனிதரில் அறிகுறி தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது மிக அரிது. ஆனால் உரிய நேரத்தில் தடுப்பூசி ஏற்றினால் நோயைத் தடுக்கலாம்.

செய்ய வேண்டியவை
1. குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் மிருக வைத்தியரிடம் காட்டுதல்.
2. விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் ஏற்றி, அட்டையைப் பேணுதல்.
3. குடற்புழுக்களுக்கு மருந்து கொடுத்தல்.
4. கருத்தடை செய்வித்தல். இதனால் தெருவில் விடப்படும் குட்டிகள் குறையும்.

கவனிக்க
குட்டி விளையாட்டாகக் கடித்தாலும், ஏச்சுக்குப் பயந்து வீட்டில் மறைக்க வேண்டாம். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எண்ணெய், மஞ்சள் பூச வேண்டாம்.

பயிற்சி வினா
ஆரோக்கியமாகத் தோன்றும் தெருநாய்க்குட்டி கடித்தாலும் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் தருக.