சிபாரிசு செய்யும் அதிகாரம்

தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்கு மனு அனுப்புவதற்குக் கட்டணம் கிடையாது. வக்கீலின் தயவும் வேண்டியதில்லை. அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் கண்ட எந்தப் பாஷையிலும், ஆகவே தமிழிலும், எழுதலாம். பாதிக்கப்பட்டவருக்காக மற்றொருவர் எழுதினாலும் செல்லும். இத்தனை சௌகரியங்களோடு, தலைமைப் பீடத்தில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக இருந்த ஒருவரும் வீற்றிருப்பதால், மனு எழுதுகிறவர்களில் பலர் அதை ஒரு நீதிஸ்தலம் என்றே எண்ணித் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆணையம் தீர்ப்புச் சொல்வதில்லை. சாட்சிகளை அழைக்கவும், தஸ்தாவேஜுகளைத் தருவிக்கவும் ஒரு சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அதற்கு உண்டு. விசாரித்து முடித்தபின் நஷ்டஈடு கொடுக்கும்படியும், குற்றம் செய்த உத்தியோகஸ்தர்மீது வழக்குத் தொடரும்படியும் சர்க்காருக்குச் சிபாரிசு செய்யலாம். அதற்கு மேல் வேண்டுமானால், அதுவும் நம்மைப் போலவே ஹைகோர்ட்டின் அல்லது சுப்ரீம் கோர்ட்டின் படியேறத்தான் வேண்டும்.

1993-ஆம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி பிறந்த ஓர் அவசரச் சட்டத்தின்படி, அக்டோபர் 12-ந் தேதி, முன்னாள் தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ராவைத் தலைவராகக் கொண்டு இந்த ஆணையம் ஏற்பட்டது. பஞ்சாப், காஷ்மீர் நிலவரங்களைப் பற்றி அயல்நாடுகளில் எழுந்த கண்டனத்துக்குச் சமாதானமாகவே இதைப் படைத்தார்கள் என்று அன்று சொன்னவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. எனினும், அதே வருஷம் டிசம்பர் மாதத்தில், போலீஸ் காவலிலோ சிறையிலோ எவர் இறந்தாலும் அந்தச் செய்தி இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தனக்கு வந்து சேர வேண்டும் என்று ஜில்லா அதிகாரிகளுக்குக் கட்டளை போகும்படி அது கடிதம் எழுதியதே, அந்த ஒரு கடிதத்துக்காக மட்டுமே அதைப் படைத்தது வீண்போகவில்லை என்று சொல்லிவிடலாம். அதுவரை ஊர்ப் போலீஸ் நிலையத்தின் நாட்குறிப்போடு அடங்கிப்போன மரணங்கள் அதன் பிறகு தில்லியில் கணக்கில் ஏறலாயின.

சட்டம் விதித்த எல்லைகளை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டால் மனுவை ஏற்க முடியாது. ராணுவத்தினர்மீதும் மத்திய ஆயுதப் படையினர்மீதும் புகார் வந்தால் தானே விசாரிக்க இயலாது. மத்திய சர்க்காரிடம் அறிக்கை கேட்கலாம், அவ்வளவே. தனக்குப் பல்லில்லை என்று ஆணையமே முறையிட்டுக்கொண்டதும் உண்டு. அந்த முறையீடு பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று என்பது என் அபிப்பிராயம்.

கப்டாய் அணைக்காக நிலமிழந்து, 1964 முதல் சிட்டகாங் மலைப்பிரதேசத்திலிருந்து வந்து, இன்று அருணாசலப் பிரதேசம் எனப்படும் பகுதியில் குடியேற்றப்பட்ட சக்மா மக்களை, 1995 செப்டம்பர் 30-க்குள் வெளியேறிவிட வேண்டும் என்று அங்குள்ள மாணவர் சங்கம் கெடு வைத்தபோது, ஆணையம் மாநில சர்க்காரைக் கேட்டுக் கேட்டுப் பார்த்துத் திருப்தியான பதில் கிடைக்காமற்போகவே, தானே மனுதாரராகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 ஜனவரி 9-ந் தேதி கோர்ட்டு, ஏறக்குறைய 65,000 சக்மாக்களின் உயிரையும் சுதந்திரத்தையும் மாநில சர்க்கார் காத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. சிபாரிசைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாத ஸ்தாபனம் சாதித்த காரியம் இது.

இதற்கு நேர்மாறானது பஞ்சாபின் கதை. அமிர்தசரஸ் ஜில்லாவின் சுடுகாடுகளில் போலீஸார் ரகசியமாக எரித்த பிணங்களை, அங்கு வாங்கிய விறகின் கணக்கு முதலிய பதிவேடுகளைக் கொண்டே வெளிக்கொணர்ந்தவர் ஜஸ்வந்த் சிங் கால்ரா. அதன் பலனாக 1995 செப்டம்பரில் அவரையே போலீஸார் கடத்திச் சென்று கொன்றார்கள். சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவுப்படி சி.பி.ஐ. விசாரித்ததில் மூன்று சுடுகாடுகளில் மட்டும் 2,097 பிணங்கள் கணக்கில் வந்தன. அவற்றில் 1,238 இன்னாருடையவை என்று தெரியாதவை. 1996 டிசம்பரில் கோர்ட்டு இவ்விஷயத்தை ஆணையத்திடம் ஒப்படைத்தது. ஒரு வருஷக் கெடுவைக் காட்டி மத்திய சர்க்கார் ஆட்சேபித்தபோது, ஆணையம் இதில் கோர்ட்டின் சார்பில் செயல்படுவதால் அந்தக் கெடு கட்டுப்படுத்தாது என்று 1998-இல் கோர்ட்டு தீர்த்துச் சொல்லிற்று. இவ்வளவு விஸ்தாரமான அதிகாரம் அதற்கு முன்பு வாய்த்ததில்லை. வாய்த்தபின் ஆணையம் செய்தது என்னவெனில், மாநிலத்தின் மற்றச் சுடுகாடுகளை எல்லாம் விட்டு, அந்த மூன்றோடு தன் விசாரணையைத் தானாகவே குறுக்கிக்கொண்டு, பல வருஷங்களுக்குப் பிறகு குடும்பங்களுக்கு நஷ்டஈடு சிபாரிசு செய்ததுதான். குற்றத்தைத் துப்பறியும் பொறுப்பு சி.பி.ஐ.யிடம் இருந்தது மெய்யே. ஆயினும் பிள்ளை எப்படிச் செத்தான் என்று கேட்டுக்கொண்டிருந்த பெற்றோருக்குப் பணம் பதிலாகாது.

சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைத் தேடிய அதிரடிப் படையினர் மலைக் கிராமத்தாரை வதைத்த புகாரிலும், ஆணையம் நியமித்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்து, 2007-இல் நஷ்டஈடு சிபாரிசாயிற்று.

தேசிய ஆணையத்தைப் போலவே அமைந்த மாநில மனித உரிமைகள் ஆணையத்தின் சிபாரிசு வெறும் யோசனையன்று, சர்க்கார் அதை நிறைவேற்றியாக வேண்டும், உடன்பாடில்லையென்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை ஹைகோர்ட்டின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் சிபாரிசு எவ்வளவு கட்டுப்படுத்துவதாயினும், அதற்கு ஆதாரமான விசாரணையை நடத்துகிறவர் யார் என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. தேசிய ஆணையத்தின் விசாரணைப் பிரிவில் இருப்பவர்கள், போலீஸ் இலாகாவிலிருந்து சில வருஷங்களுக்கு இரவலாக வந்து, பெரும்பாலும் அந்த இலாகாவுக்கே திரும்பிச் செல்ல வேண்டியவர்கள். இத்தகைய ஸ்தாபனங்களைத் தரம் பிரிக்கும் சர்வதேசக் கூட்டமைப்பு, 2023-லும் மறுவருஷமும் இந்திய ஆணையத்தின் முதல்தரத் தகுதியைப் புதுப்பிக்காமல் ஒத்திவைத்தபோது, சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.