கண்ணழுத்த மருந்து: வாவிக்கரையில் அன்றும் இன்றும்

படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கண் கிளினிக் போவதென்றால், முன்பு மண்முனைத் துறையில் படகுப் பாதை வரும்வரை காத்து நிற்க வேண்டும். 2014 ஏப்ரலில் பாலம் திறந்ததோடு அந்தக் காத்திருப்பு போனது. கண்ணழுத்தத்துக்கு விடும் துளி மருந்தும் அதே அளவுக்கு மாறியிருக்கிறது. அதைப் பற்றித்தான் நம்மவர்கள் பேசுவது குறைவு.

அன்றைய மருந்து பைலோகார்பின். 1870களில் வந்தது. நாளுக்கு நாலு தரம் விட வேண்டும். விட்டதும் புருவத்தில் வலி எடுக்கும். கண்மணி புள்ளியளவாய்ச் சுருங்கும். பகலில் ஒருவாறு சமாளிக்கலாம். இரவில் தோணியேறி இறாலுக்குப் போகிறவர் என்ன செய்வார்? அந்தப் புள்ளிக்குள் எவ்வளவு வெளிச்சம்தான் நுழையும்? வலையின் மிதவையும் மங்கல், எதிரே வரும் தோணியும் மங்கல். கண்ணழுத்த நோயான குளுக்கோமாவோ பெரும்பாலும் வலியே காட்டாமல் ஓரப்பார்வையை அரிக்கிற நோய். மருந்தை நிறுத்தினால் அன்றைக்கு எதுவும் தெரியாது. போன பார்வை திரும்பவும் வராது. ஆனாலும், வீட்டில் உலை வைக்க வேண்டியவர் மருந்தைக் கைவிட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

1978இல் அமெரிக்காவில் டிமோலோலுக்கு அனுமதி கிடைத்தது. அது கண்மணியைச் சுருக்காது; இரண்டு தரம் போதும். ஆனால் கண்ணில் விட்ட துளி மூக்குவழி இறங்கி இரத்தத்தில் கலக்கும். தொய்வு உள்ளவருக்கு மூச்சு முட்டும், நாடித்துடிப்பும் குறையலாம். கண் டொக்டரிடம் தொய்வைப் பற்றி ஏன் சொல்வான் என்று இருந்துவிடுவது ஆபத்து.

1996இல் லத்தானோபுரொஸ்ட் வந்தது. இரவில் ஒரே ஒரு துளி. கண் சிவக்கலாம், இமைமயிர் நீளலாம், இமைத்தோல் கறுக்கலாம். பார்வை போவதோடு ஒப்பிட்டால் இவை சிறியவை. ஆனாலும் கண் சிவந்ததும் பயந்து, தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வழக்கமான லத்தானோபுரொஸ்ட் போத்தலைத் திறக்கும்வரை குளிரில் வைக்க வேண்டும். திறந்தபின் 25 பாகைக்குள் வைத்து ஆறு கிழமைக்குள் முடிக்க வேண்டும். மட்டக்களப்பு வெக்கைக்கு அலுமாரித் தட்டு சரிவராது.

துளியை விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்; உடம்புக்குள் போகும் மருந்து குறையும். எந்தத் தொந்தரவு வந்தாலும் நிறுத்துவதற்கு முன் கிளினிக்கில் சொல்லுங்கள். மாற்றித் தர இன்று வேறு மருந்து இருக்கிறது.