காடும் அதைக் காக்கும் கிராமமும்

காட்டைக் காப்பது யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு இந்திய நிர்வாகம் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரே விடையை அளித்து வந்தது. 1878, 1927 ஆம் ஆண்டுகளின் இந்திய வனச் சட்டங்கள் காடுகளில் பெரும்பகுதியை அரசின் உடைமையாக்கின. காவல் வனத்துறையின் கடமையாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் காட்டை அண்டி வாழ்ந்தவர்கள், விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அதனுள் நுழையும்போது குற்றவாளிகளாகக் கருதப்பட்டனர். ஆனால் பரந்த காட்டுப் பரப்பைச் சில காவலர்களால் மட்டும் காக்க இயலவில்லை. அது தனக்குரியதல்ல என்று கருதிய கிராமத்துக்கு அதன் அழிவைப் பற்றிய கவலையும் இல்லாமற் போயிற்று. இந்நிலை மாறுவதற்கான வழியைக் காட்டியவை, நாட்டின் இரு வேறு பகுதிகளில் நிகழ்ந்த இரு முயற்சிகள் ஆகும்.

ஆராபாரியில் ஓர் உடன்பாடு

மேற்கு வங்காளத்தின் மேதினிப்பூர் பகுதியில் உள்ளது ஆராபாரி. இங்கு ஒரு காலத்தில் அடர்ந்திருந்த சால் எனப்படும் குங்கிலிய மரக்காடு, இடைவிடாத வெட்டினாலும் மேய்ச்சலினாலும் புதர்க்காடாகக் குறுகிவிட்டது. சுற்றுப்புறக் கிராமங்களின் ஏழைக் குடும்பங்களுக்கு விறகு வெட்டி விற்பதே பிழைப்பாக இருந்தது. வழக்குத் தொடுப்பதால் வெட்டு நிற்கவில்லை. வேறு பிழைப்பு இல்லாதவர்கள் மீண்டும் காட்டுக்கே திரும்பினர்.

1971-72 ஆம் ஆண்டில் அங்குப் பணியாற்றிய வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி, காவலைக் கடுமையாக்குவதற்கு மாறாகக் கிராம மக்களுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். 11 கிராமங்களைச் சேர்ந்த 618 குடும்பங்கள் 1,272 ஹெக்டேர் காட்டைக் காக்க முன்வந்தன. நடவுப் பணிகளில் அவர்களுக்கு வேலை அளிக்கப்பட்டது. இலை, காளான், விதை முதலிய சிறு விளைபொருள்களைச் சேகரிக்க வாய்ப்புத் தரப்பட்டது. மரங்கள் முற்றி விற்பனையாகும்போது வருவாயில் 25 சதவீதம் மக்களுக்கு உரியது என்றும் வாக்களிக்கப்பட்டது.

சால் மரத்தின் இயல்பும் இம்முயற்சிக்குத் துணை நின்றது. மரம் வெட்டப்பட்ட பின்னரும் அதன் வேர் மண்ணுக்குள் உயிருடன் இருக்கும். வெட்டும் மேய்ச்சலும் நின்றால், அடிக்கட்டையிலிருந்து துளிர்கள் கிளம்பிச் சில ஆண்டுகளிலேயே காடு தழைக்கத் தொடங்கும். பெருஞ்செலவில் கன்றுகளை நட வேண்டிய தேவை குறைவு; மக்களின் ஒத்துழைப்பே முதன்மையான முதலீடு. மரம் விற்பனைக்கு வரும் காலம் வரை காத்திராமல், சால் இலைகளைத் தைத்துத் தையல் இலையாக விற்பதன் மூலம் பெண்கள் தொடர்ந்து வருவாய் பெறவும் முடிந்தது.

சுற்றறிக்கையின் எல்லை

வருவாயில் பங்கு என்ற வாக்குறுதிக்கு மாநில அரசின் முறையான ஒப்புதல் 1987 இல்தான் கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள் கிராம மக்கள் ஓர் அதிகாரியின் சொல்லை நம்பியே காட்டைக் காத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

காட்டுப் பகுதி மக்களின் தேவைகளுக்கு முன்னுரிமை அளித்த 1988 ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையைத் தொடர்ந்து, மத்திய அரசு 1990 ஜூன் 1 அன்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கூட்டு வன நிர்வாகம் எனப்படும் திட்டம் இவ்வாறு நாடெங்கும் பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் அமைந்தன.

எனினும் இத்திட்டத்தில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. காட்டு நிலத்தின்மீது பயனாளிகளுக்கு உடைமையோ குத்தகை உரிமையோ கிடையாது என்று அச்சுற்றறிக்கையே தெளிவுபடுத்தியிருந்தது. நிர்வாக ஆணையால் அமைந்த குழுவை மற்றொரு நிர்வாக ஆணையால் கலைத்துவிடவும் இயலும். காப்பது கிராமத்தின் கடமை. முடிவெடுப்பது துறையின் அதிகாரம் என்ற நிலையே பல இடங்களில் நீடித்தது. மேலும், காடு மூடப்படும்போது முதலில் பாதிக்கப்படுவோர் தலைச்சுமை விறகு விற்கும் ஏழைப் பெண்களே. அன்றாடக் கூலியை இழந்தவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கவிருக்கும் பங்கு ஈடாகாது.

பங்கிலிருந்து உரிமைக்கு

இக்குறையை நீக்கும் வகையில் அமைந்தது 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். இது 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. மரபாகக் காத்துவரும் சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சமூகத்துக்கு உள்ள உரிமையை இச்சட்டம் ஏற்றது. சிறு வன விளைபொருள்கள் மக்களின் உடைமை என்றும், மூங்கில் அவற்றுள் அடங்கும் என்றும் அது வரையறுத்தது.

சட்டத்தின் சொல் நடைமுறையாவது எளிதன்று என்பதை மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தின் மேண்டா-லேகா கிராமம் உணர்த்துகிறது. கோண்டு பழங்குடியினர் வாழும் இச்சிற்றூரின் கிராம சபை, பெரும்பான்மை வாக்கினால் அன்றி அனைவரின் இசைவினாலேயே முடிவெடுக்கும் வழக்கம் உடையது. சிக்கலான பொருள்களை முன்கூட்டியே ஆராய்வதற்கெனப் படிப்பு வட்டங்களும் அங்கு உண்டு. 2009 இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு இக்கிராமம் சமூக உரிமைப் பட்டா பெற்றது.

ஆயினும் வெட்டிய மூங்கிலை வெளியே கொண்டு செல்ல அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது மூங்கிலை மரமாகக் கருதியதே அதற்குக் காட்டப்பட்ட காரணம். உடைமை உண்டு, விற்கும் வழி இல்லை. 2011 மார்ச்சில் மூங்கிலைச் சிறு விளைபொருளாகவே கருத வேண்டும் என்று மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2011 ஏப்ரல் 27 அன்று அனுமதிச் சீட்டுப் புத்தகம் கிராம சபையிடமே ஒப்படைக்கப்பட்டது. 2012 இல் திருத்தப்பட்ட விதிகள், அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரம் கிராம சபையின் குழுவுக்கே உரியது என்று உறுதி செய்தன.

மூங்கில் முறையாக வெட்டப்பட்டால் வற்றாத வருவாய் தரும் பயிராகும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் தூறிலிருந்து புதிய கழிகள் எழுகின்றன. இளங்கழிகளை விட்டுவிட்டு முற்றியவற்றை மட்டும் வெட்டினால் தூறு கெடுவதில்லை. வெளியிலிருந்து வரும் ஒப்பந்தக்காரருக்கு அடுத்த ஆண்டின் தூறைப் பற்றிய கவலை இருக்க வேண்டியதில்லை. அதே காட்டை நம்பி வாழும் கிராமத்துக்கோ அக்கவலை இயல்பாகவே உண்டு. காடு காத்தலும் வாழ்க்கைத் தொழிலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதன் பொருள் இதுவே.

அலுவலரின் பங்கு

இதனால் வனத்துறையின் பணி குறைந்துவிடுவதில்லை. அதன் தன்மையே மாறுகிறது. எத்தனை கழிகளை வெட்டலாம் என்று கணக்கிடவும், காட்டுத் தீயைத் தடுக்கவும், நியாயமான விலை பெறவும் கிராம சபைக்குத் தொழில்நுட்பத் துணை தேவை. பட்டா கோரும் மனுக்கள் தேங்காமல் முடிவு காண்பது வருவாய், பழங்குடியினர் நல, வனத்துறை அலுவலர்களின் கூட்டுப் பொறுப்பு. பெண்களும் நிலமற்றோரும் கிராம சபையில் வாய் திறந்து பேசுகின்றனரா, வருவாய் அவர்களையும் சென்றடைகிறதா என்பதையும் கண்காணிக்க வேண்டும்.

ஆராபாரியில் காடு மீண்டது, மக்களுக்குப் பயனில் பங்கு கிடைக்கும் என்ற நம்பிக்கையால். மேண்டா-லேகா அதற்கு அடுத்த படியைக் காட்டியது: அந்தப் பங்கு ஓர் அதிகாரியின் நல்லெண்ணத்தைச் சார்ந்திராமல், சட்டம் அளிக்கும் உரிமையாக இருத்தல் வேண்டும். அவ்வுரிமை பட்டாத் தாளோடு நின்றுவிடாமல், வெட்டிய மூங்கில் சந்தையை அடையும் வரை செல்லும்போதுதான் முழுமை பெறும்.