பழைய துப்பாக்கிகள் கூறும் பாடம்

அமெரிக்காவில் வசிக்கும் நமது நண்பரொருவர், சமீபத்தில் தாம் வாங்கிய மூன்று பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகளைப் பற்றி நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். அந்நாட்டில் இத்தகைய ஆயுதங்களைத் தேடிச் சேர்ப்போர் பலர். 1898-ஆம் வருஷம் வரையில் செய்யப்பட்டவற்றை அங்குள்ள மத்திய சட்டம் புராதனப் பொருளாகவே கருதுகிறது. புதிதாகக் கிடைத்த துப்பாக்கியை ஒருவர்க்கொருவர் காட்டி மகிழ்வதும், அதில் பொறித்த முத்திரைகளைப் பற்றி வாதம் புரிவதும் அவர்களுடைய வழக்கம். கொலைக் கருவியைத் துடைத்துச் சுவரில் மாட்டிக்கொள்வதில் என்ன இன்பம் என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். கடிதத்தைப் படித்து முடித்தபின் அவ்வெண்ணம் நம்மைவிட்டு அகன்றது. அம்மூன்று துப்பாக்கிகளில் இரண்டு நமது தேச சரித்திரத்தின் ஏடுகள்; மற்றொன்று நமது அண்டை நாட்டினுடையது.

முதலாவது, 1858-ஆம் வருஷத்து மாதிரியில் இந்தியச் சிப்பாய்களுக்கெனச் செய்யப்பட்டது. 1857-ல் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாக்கள் என்ற பேச்சு கிளம்பிச் சிப்பாய்களைக் கொதிக்கச் செய்ததே, அந்த என்பீல்டு துப்பாக்கியின் உடன்பிறப்பு இது. புறத்தோற்றத்தில் இரண்டுக்கும் பேதம் காண்பது அரிது. ஆனால் குழலுக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். என்பீல்டின் குழலில் திருகுபோல் ஓடும் வரிகள் உண்டு. குண்டைச் சுழலச் செய்து, நெடுந்தூரம் குறி தவறாமல் செலுத்துபவை அவையே. இந்தியச் சிப்பாய்க்குக் கொடுத்த துப்பாக்கியிலோ அவ்வரிகள் இல்லை. குழலை அகலப்படுத்தி வழவழப்பாக்கி விட்டார்கள். தூரத்துக்கேற்ப உயர்த்தித் தாழ்த்திக் குறிபார்க்கும் தகட்டையும் நீக்கி, அசையாத தகடொன்றைப் பொருத்தினார்கள். வெள்ளைச் சிப்பாயின் குண்டு எட்டும் தூரத்தில் பாதிகூட இந்தியச் சிப்பாயின் குண்டு குறியோடு எட்டாது.

இது கைத்தவறன்று, இராஜதந்திரம். பின்னரும் அதே முறை தொடர்ந்தது. வெள்ளைப் பட்டாளம் மார்ட்டினி-ஹென்றியை ஏந்தியபோது இந்தியப் பட்டாளத்துக்கு ஸ்னைடர். அவர்கள் லீ-மெட்போர்டை ஏந்தியபோது நமக்கு மார்ட்டினி. சில மலைப் பீரங்கிப் பிரிவுகள் நீங்கலாகப் பீரங்கிகளும் நம்மவர் கையிலிருந்து பறிக்கப்பட்டன. ‘உங்களிடம் பூரண நம்பிக்கை வைத்திருக்கிறோம்’ என்று தர்பார்களில் பேசியவர்கள், தங்கள் மனத்திலிருந்ததைத் துப்பாக்கியின் குழலில் எழுதி வைத்தார்கள். பேச்சு மறைந்தது, குழல் இருக்கிறது.

இரண்டாவது துப்பாக்கி நேபாளத்தைச் சேர்ந்தது. காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனை ஆயுதசாலையில், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் தூசியில் புதைந்து கிடந்தன. 2003-ஆம் வருஷம் இரண்டு அமெரிக்க வர்த்தக நிறுவனங்கள் அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிச் சென்றன. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கிகளிலிருந்து மார்ட்டினி வரையில் சகலமும் அக்குவியலில் இருந்தன. நண்பருக்குக் கிடைத்தது ‘ககேந்திரா’ என்ற வகை. நவீன ஆயுதங்களைத் தாராளமாக வழங்க ஆங்கிலேயருக்கு மனமில்லாத காலத்தில், ஜெனரல் ககேந்திர சம்ஷேர் ராணா நேபாளத்திலேயே செய்வித்தது இது. தேவநாகரி எழுத்தும் எண்ணும் பொறித்தது. கைவேலையாகையால் ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தாதாம். பொருந்தாவிட்டால் என்ன? ‘நீ கொடாவிட்டால் நானே செய்துகொள்வேன்’ என்ற ஒரு சிறிய நாட்டின் வீம்பு அதன் ஒவ்வொரு திருகிலும் தெரிகிறது.

அந்தக் குவியலை நேபாளம் விற்றது சரியா என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. வாங்கியவர்கள் அழுக்கை நீக்கினார்கள், வகை பிரித்தார்கள், எழுதி வைத்தார்கள். அந்தச் சேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழிருந்த ஒரு தேசத்தின் ஆயுத சரித்திரம் இன்று கடலுக்கப்பால் பல்லாயிரம் வீடுகளில் சிதறிக் கிடக்கிறது. அதை மீண்டும் ஒன்று சேர்ப்பார் யார்?

மூன்றாவது துப்பாக்கி வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் 1960-களில் செய்யப்பட்டது. 1962-ஆம் வருஷத்துச் சீன யுத்தத்திற்குப் பின், ஆங்கிலேயர் விட்டுச் சென்ற பழைய லீ-என்பீல்டின் உருவத்திலேயே, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென நமது தொழிலாளர்கள் உருவாக்கியது. அதே தொழிற்சாலையிலிருந்து முன்பு வெளிவந்த துப்பாக்கிகளில் கிரீடமும் ஆங்கில மன்னரின் பெயரெழுத்துக்களும் இருந்தன. குடியரசு தோன்றியபின் அவ்விடத்தில் அசோகச் சிங்கம் வந்து அமர்ந்தது. அன்னிய முத்திரையின் இடத்தில் சுய முத்திரை! கைவிரலால் தடவிப் பார்க்கக்கூடிய சுதந்திரம் இது.

இனி நமது வீட்டைப் பார்ப்போம். 1801-ல் பாளையக்காரர்களை அடக்கியபின், ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கிச் சென்னைக் கவர்னர் பிரகடனம் வெளியிட்டார். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் தேசமுழுவதையும் நிராயுதபாணியாக்கியது. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அதைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் செய்தது. சுதந்திர இந்தியா 1959-ல் வேறு சட்டம் இயற்றியது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத புராதன ஆயுதங்களுக்கு அதில் விலக்கு உண்டு. சுடக்கூடியவற்றுக்கோ, 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, பிதுரார்ஜிதமாக வந்தவையும் உட்பட, பொதுவாக ஒருவருக்கு இரண்டே. பொது ஜன பாதுகாப்பைக் கருதிச் செய்த இக்கட்டுப்பாட்டை நாம் ஆட்சேபிக்கவில்லை. அமெரிக்காவைப்போல் வீடுதோறும் துப்பாக்கி வேண்டுமென்று நாம் கேட்கவுமில்லை. அதனால் அந்நாடு படும் துன்பத்தை உலகம் அறியும்.

நாம் கேட்பது வேறு. பாட்டன் காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி அதை ஒப்படைக்க வருகிறான் பேரன். அதை வெறும் இரும்பென்று எண்ணி ஒதுக்கலாமா? முதலில் அதன் முத்திரைகளைப் படமெடுத்து, குழலை ஆராய்ந்து, யாரிடமிருந்து வந்ததென்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அருமையானவை பொருட்காட்சி சாலைக்குப் போகவேண்டும். தஞ்சை அரண்மனையின் ஆயுதங்கள் எழும்பூரில் இன்றும் காணக் கிடைப்பதற்கு, அன்று எவரோ ஒருவர் அவற்றைக் காப்பாற்றி வைத்ததன்றோ காரணம்? நூறு ஆண்டு கடந்த பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அலட்சியத்தைத் தடுக்க எந்தச் சட்டமும் போதாது.

அஹிம்சையைப் போற்றும் தேசத்துக்கு ஆயுத ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஆயுதத்தை வணங்குவதற்கன்று, நம்மை ஆண்டவர்கள் நம்மை எவ்வாறு மதித்தார்கள் என்பதை அறிவதற்கு. அந்தச் சாட்சியத்தைப் படிக்க நமது பிள்ளைகள் அமெரிக்கச் சேகரிப்பாளரின் வீட்டு வாசலில் காத்து நிற்கலாகாது. சர்க்காரும் பொருட்காட்சி சாலை அதிகாரிகளும் காலத்தில் ஆவன செய்வார்களாக.