கோடையிலும் குளிரும் ஆறு

ஜூலை மாதம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள அர்க்கன்சா மாநிலம். பகலில் வெப்பம் 35 டிகிரி சென்டிகிரேடைத் தொடும் காலம் அது. ஆனால் அதிகாலையில் ஒயிட் ஆற்றில் மீன் பிடிக்கப் படகேறும் கணவனும் மனைவியும் கம்பளிச் சட்டை அணிந்திருப்பதைக் காணலாம். ஆற்றின்மேல் வெண்மையான மூடுபனி தவழ்கிறது. ஈரமான வெப்பக்காற்று குளிர்ந்த நீர்ப்பரப்பைத் தொட்டதும் அதிலுள்ள நீராவி சிறுசிறு துளிகளாக மாறுவதே இந்தப் பனி.

அவர்கள் தேடி வந்திருப்பது வானவில் டிரௌட் என்னும் மீனை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் குளிர் ஓடைகளே இதன் தாயகம். நீரின் வெப்பநிலை 25 டிகிரியை நெருங்கினால் இம்மீனின் உயிருக்கே ஆபத்து. அப்படியானால் வெயில் கொளுத்தும் இந்த நாட்டில் அது எப்படி வாழ்கிறது?

ஆழத்தில் ஒரு குளிர்ப்பெட்டி

விடை, ஆற்றின் மேற்பகுதியில் நிற்கும் புல் ஷோல்ஸ் அணையில் இருக்கிறது. 1951இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் உயரம் ஏறத்தாழ 78 மீட்டர். குளிர்காலத்தில் ஏரியின் நீர் முழுவதும் நன்றாகக் குளிர்ந்துவிடுகிறது. கோடை வந்ததும் சூரியன் மேல்நீரைச் சூடாக்குகிறது. சூடான நீர் அடர்த்தி குறைந்தது. ஆகவே அது மேலேயே மிதக்கிறது. அடர்த்தி மிகுந்த குளிர்நீர் அடியிலேயே தங்கிவிடுகிறது. இரண்டும் எளிதில் கலப்பதில்லை.

மின்சார நிலையத்துக்கு நீரைக் கொண்டுசெல்லும் குழாய்கள் இந்த ஆழமான பகுதியிலிருந்தே நீரை எடுக்கின்றன. டர்பைன்களைச் சுழற்றிவிட்டு வெளிவரும் நீரின் வெப்பநிலை கிட்டத்தட்ட 10 டிகிரிதான். சென்ற குளிர்காலத்தின் குளிர்ச்சியை ஏரி சேமித்து வைத்திருந்து ஜூலையில் வெளியே விடுகிறது!

நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பகுதியிலும் டிரௌட் மீன்கள் உண்டு. அங்கே குளிர்ச்சியைத் தருவது மலையின் உயரம். இங்கே ஏரியின் ஆழம்.

குளிர்நீரும் பிராணவாயுவும்

சோடா பாட்டிலை வெயிலில் வைத்துத் திறந்து பாருங்கள். வாயு சீறிக்கொண்டு வெளியேறும். நீர் சூடாகச் சூடாக அதில் வாயு கரையும் அளவு குறைகிறது. 10 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏறக்குறைய 7.5 மில்லிகிராமாகிவிடுகிறது. மீனின் நிலையோ நேர்மாறானது. நீர் சூடாகும்போது அதன் உடலியக்கம் விரைவடைந்து பிராணவாயு அதிகம் தேவைப்படுகிறது. தேவை கூட, வரவு குறைகிறது. டிரௌட் குளிர்நீரை நாடுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

படகில் ஒரு பகல்

நம் தம்பதியின் படகு நீளமானது, அடிப்பாகம் தட்டையானது. ஆகவே ஆழமில்லாத இடத்திலும் தரை தட்டாமல் செல்லும். கணவன் படகைச் செலுத்துகிறார். மனைவி தூண்டிலை வீசுகிறார். நீரோட்டத்தின் வேகத்திலேயே படகும் மிதந்து போவதால் இரையும் இயல்பாக மிதந்து வருவதுபோல் தோன்றுகிறது. மீன் ஏமாறுவது அதனால்தான்.

டிரௌட், நீரோட்டத்தை எதிர்நோக்கிப் பாறைகளின் மறைவில் நிற்கும். அங்கே நீரின் வேகம் குறைவு. உடல் வலிமை வீணாவதில்லை. பக்கத்தில் ஓடும் நீர் பூச்சிகளின் இளம் உயிரிகளையும் இறால் இனச் சிற்றுயிர்களையும் கொண்டுவந்து கொடுக்கிறது.

தூண்டிலில் மீன் சிக்கிவிட்டது. மனைவி முதலில் தம் கைகளை நீரில் நனைத்துக்கொள்கிறார். மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான படலம் நோய்க் கிருமிகளைத் தடுக்கும் கவசம். உலர்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும். திருப்பி விடும் மீன் பிழைக்க வேண்டுமல்லவா?

பிற்பகலில் வேறொரு எச்சரிக்கை தேவை. நகரங்களில் குளிர்சாதனங்கள் ஓடத் தொடங்கியதும் மின்சாரத் தேவை உயர்கிறது. அணையில் டர்பைன்கள் ஒவ்வொன்றாகச் சுழல்கின்றன. அணையருகே எச்சரிக்கை ஒலி எழுகிறது. காலையில் தெரிந்த பாறைகள் மறைய, ஆறு வேகமாக உயர்கிறது. எங்கோ ஒரு வீட்டில் தட்டிய சுவிட்சுக்கு ஆற்றிலுள்ள படகு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது!

கொடுத்த விலை

அணை வருமுன்பும் மக்கள் இந்த ஆற்றில் படகில் மிதந்தபடி மீன் பிடித்தார்கள். அன்று அவர்கள் தேடியது சிறுவாய் பாஸ் என்னும் உள்ளூர் மீனை. அது இளஞ்சூடான நீரில் இனம் பெருக்குவது. அணையிலிருந்து குளிர்நீர் வந்ததும் அணைக்குக் கீழே நெடுந்தூரம் அதன் வாழ்விடம் பறிபோயிற்று. இந்த இழப்பை ஈடுசெய்ய, அருகிலுள்ள நார்ஃபோர்க்கில் 1950களில் அரசு ஒரு மீன் பண்ணையை அமைத்தது. இன்று தூண்டிலில் அகப்படும் வானவில் டிரௌட்டுகளில் பெரும்பாலானவை தொட்டிகளில் வளர்த்து ஆற்றில் விடப்பட்டவை.

டிரௌட்டுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. குளிர்நீர் அதிகப் பிராணவாயுவைத் தாங்கக்கூடியதுதான். ஆனால் கோடை முழுவதும் ஏரியின் அடிநீர் காற்றைத் தொடுவதே இல்லை. அங்கே மட்கும் இலைதழைகள் இருக்கும் பிராணவாயுவையும் தீர்த்துவிடுகின்றன. இலையுதிர் காலத்தில் அந்த நீர் ஆற்றுக்கு வரும்போது மீன்கள் திணறுகின்றன. இதற்காக டர்பைன்களில் நீரோடு காற்றையும் கலந்து விடுகிறார்கள். குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கீழிறங்கி, ஏரி மறுபடியும் கலந்த பிறகே முழு நிவாரணம் கிடைக்கிறது.

ஆற்றில் நீர் ஓடினால் போதும், மீன் வாழும் என்று எண்ணுகிறோம். அந்த நீர் எவ்வளவு குளிர்ந்தது, எவ்வளவு பிராணவாயுவைச் சுமந்து வருகிறது என்பவையே அங்கே எந்த மீன் வாழும், எது மறையும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இனி ஓர் அணையைப் பார்க்கும்போது, எத்தனை கன அடி நீர் வெளியேறுகிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்றும் கேளுங்கள்.