கச்சேரிக் கடிதமும் காணியுறுதியும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், காணி விவகாரம் பேச அமர்ந்தவர்கள் முதலிற் கேட்பது ‘உறுதி இருக்கிறதா?’ என்பதே. தனியார் இருவர் தம்முள் ஒரு வளவையோ வயலையோ கைமாற்றுங்கால் அக்கேள்வி முற்றிலும் பொருத்தமானது. ஏனெனில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணியின் விற்பனை மட்டுமன்றி, பின்னொரு நாளில் விற்பதாகச் செய்துகொள்ளும் உடன்படிக்கையும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் ஒருங்கே கூடியிருக்கையில் ஒப்பமிடப்பட்டாலொழியச் சட்டத்தின்முன் செல்லாது என்று விதித்திருக்கிறது. முற்பணம் கொடுத்ததற்கு ஊரே சாட்சியாக நின்றாலும், அந்த வாய்ப்பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு ‘காணியை எழுதித் தா’ என்று வழக்காட இயலாது.

விற்பவர் அரசாங்கமாயிருந்தால் என்ன? அதே கட்டளைச் சட்டத்தின் பிற்பகுதி, அரசாங்கம் வழங்குவனவும் அரசாங்கத்துக்கு வழங்கப்படுவனவுமான காணிச் சாசனங்களுக்கு இந்த விதிகள் பொருந்தா என்று கூறி, நொத்தாரிசையும் சாட்சிகளையும் ஒரே வரியில் விலக்கிவிடுகிறது. இதைக் கேட்டவுடன், அரசாங்கத்தோடு செய்யும் கிரயம் இலகுவானது போலும் என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. நொத்தாரிசு நின்ற இடத்தில் இங்கே அரசியலமைப்பு நிற்கிறது. குடியரசுக்கு உரித்தான காணிகளைப் பகிரங்க இலச்சினையின் கீழ் அளிப்புச் செய்யும் அதிகாரத்தை அதன் 33ஆம் உறுப்புரை சனாதிபதியிடம் வைத்திருக்கிறது. அவ்வதிகாரம் நடக்கவேண்டிய வழியை 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டம் வகுக்கிறது. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தமோ, மாகாணத்துள் அரச காணி பராதீனப்படுத்தப்படுவது மாகாண சபையின் ஆலோசனையோடு சனாதிபதியாலேயே ஆகவேண்டும் என்கிறது.

ஆகவே, பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்து, காணி உத்தியோகத்தர் வந்து பார்த்து, நில அளவையாளர் கல் நாட்டி, விலைமதிப்புத் திணைக்களம் தொகை குறித்து, கோவை திருகோணமலைக்கும் கொழும்புக்கும் போய்த் திரும்புகிற அந்த நெடிய காலத்தில், விண்ணப்பகாரர் கைக்கு வரும் ‘சிபாரிசு செய்யப்பட்டுள்ளது’, ‘கொள்கையளவில் அங்கீகரிக்கப்பட்டுள்ளது’ என்ற கடிதங்களெல்லாம், அரசாங்கம் தனக்குள்ளே நடத்தும் சம்பாஷணையின் பிரதிகளேயன்றிப் பிரஜைக்குக் கொடுத்த வாக்கு அல்ல. பணம் கட்டிய பற்றுச்சீட்டும் பணம் கட்டியதற்கு அத்தாட்சி, காணிக்கு அத்தாட்சியன்று. இந்நிலையை அக்கடிதங்களிலேயே தெளிவான தமிழில் இரண்டு வரி எழுதிவிட்டால் எவ்வளவோ மனஸ்தாபம் மிச்சமாகும் என்பது என் அபிப்பிராயம். அது எழுதப்படாமையினாலேதான் கடிதத்தை நம்பி மதில் கட்டுகிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள்.

அப்படிக் குடியேறியவர் எங்கே மாட்டிக்கொள்கிறார் என்பதை 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டம் காட்டும். முப்பது நாளுக்குக் குறையாத தவணையோடு வெளியேறும்படி அறிவித்தல் வருகிறது; வெளியேறாதவரை நீதவான் முன் அழைக்கிறார்கள்; அங்கே அவர் சொல்லக்கூடிய எதிர்வாதம் ஒன்றே ஒன்று. எழுத்திலான ஒரு சட்டத்தின்படி அரசு வழங்கியதும், இன்றும் வலுவிலிருப்பதும், இரத்தாகாததுமான அனுமதிப்பத்திரமோ வேறு எழுத்து அதிகாரமோ தம்மிடம் உண்டு என்று அவர் காட்டவேண்டும். தகப்பன் காலத்து அனுபோகமும் வைத்த தென்னையின் வயதும் அந்த மன்றிற் பேசா. தனியார் காணியிற் பத்து வருட அனுபோகத்தால் உரித்தாக்கும் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டமும் அரசின் உரிமையைத் தொடாது விட்டிருக்கிறது. மயிலத்தமடு, பெரியமாதவனை மேய்ச்சற்றரைகளுக்காக 2023 செப்டம்பரிற் போராட்டந் தொடங்கிய பண்ணையாளரின் நிலையிலும் இந்தச் சங்கடம் இருக்கிறது: தலைமுறை தலைமுறையாக மாடு மேய்ந்த பழக்கம் உண்டு, பழக்கம் பத்திரமாகாது.

அயலிலுள்ள இந்தியாவிலும் ஏறக்குறைய இதே கண்டிப்புத்தான். அங்கே அரசியலமைப்பின் 299ஆம் உறுப்புரைப்படி, குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் பெயரால், அதற்கென அதிகாரம் பெற்றவர் கையொப்பத்தோடு எழுதப்படாத ஒப்பந்தம் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆயினும், அரசுக்காகக் கொட்டகை கட்டிக் கொடுத்த மொண்டல் நிறுவனத்தின் வழக்கில், ஒப்பந்தம் செல்லாவிடினும், பெற்ற பயனுக்கு ஈடு கொடுத்தேயாக வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

நகர அபிவிருத்தி அதிகார சபை போன்ற ஸ்தாபனங்கள் வேறு வகை. அவை தத்தம் சட்டத்தாற் பிறந்த தனி ஆட்கள். தம் பெயரிற் காணி வைத்திருக்கவும் விற்கவும் வல்லவை. அவற்றோடு முறையாக ஒப்பமிட்டபின் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் இருக்கமுடியாது என்பதற்குப் பத்தரமுல்லை ‘வோட்டர்ஸ் எட்ஜ்’ வழக்கு சாட்சி. பொதுத் தேவைக்கென்று மக்களிடமிருந்து சுவீகரித்த காணி, பின்னர் கோல்ப் மைதானத்துக்கும் அதனைச் சார்ந்த வாசத்தலங்களுக்குமாகத் தனியார் கம்பனிக்குப் போயிற்று. உறுதியும் எழுதப்பட்டது, கட்டடமும் எழுந்தது. 2008 ஒக்டோபர் 8ஆம் திகதி உச்ச நீதிமன்றம், ஆட்சியாளர் கையிலுள்ள அதிகாரம் மக்களுக்காக வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பே என்று கூறி அந்தக் கொடுக்கல் வாங்கலைக் கலைத்து, முன்னாள் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபாய் செலுத்தவேண்டும் என்று கட்டளையிட்டது.

படுவான்கரை வட்டைகளில் இவையெல்லாவற்றினும் அதிகமாக நடப்பது பெர்மிட் காணி விற்பனை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெற்ற காணியை, பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதமின்றி விற்றால் அந்த விற்பனை வெறுமையானது. அதற்கு நொத்தாரிசு எழுதிக் கொடுக்கும் உறுதி, முத்திரையும் ஒப்பமும் பளிச்சென்றிருந்தாலும், அதற்கு உயிர் கொடாது. வாங்க நினைப்பவர் முற்பணம் எண்ணுமுன் பிரதேச செயலகத்துக்குப் போய், காணிப் பேரேட்டில் யார் பெயர் நிற்கிறது, பின்னுரித்தாளராக யார் குறிக்கப்பட்டிருக்கிறார், சம்மதக் கடிதம் எந்தத் திகதியிடப்பட்டது என்ற மூன்றையும் பார்க்கவேண்டும். சம்மதத்தின் திகதி உறுதியின் திகதிக்குப் பிந்தியிருந்தால், அந்த உறுதியை மறுபடி எழுதுவிக்கச் சொல்வதே விவேகம்.